சைட் ஸ்டாண்ட்

"நிறுத்தும்போது ஓடினது" என்றார் விற்றவர்.
ஓடினதை ஏன் நிறுத்தினீர் என்று
எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.
எழுநூறு பவுன்,
ஒரு தார்ப்பாய்,
பிஸ்கட் டின் நிறைய துருப்பிடித்த கிளிப்.

கீத்லியில், ரயில் பாலத்துக்குக் கீழே
வாடகைக்கு எடுத்த பதினோராம் இலக்கக் கராஜ்.
கதவில்லாத, கூரையில்லாத இரண்டு சீட்டுக் கார்.
பானட்டைத் தூக்கினால்
உள்ளே ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சின்:
நாலு சிலிண்டர், நாலு கார்புரேட்டர்,
பதினேழு குழாய்.
ஒன்பதுக்கு மறுமுனை இருந்தது.
எட்டு சும்மா தொங்கின.

பகலில் நான் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுப்பவள்.
ஊதா மூடி, மஞ்சள் மூடி, நீல மூடி,
எது எந்தச் சோதனைக்கென்று
நித்திரையிலும் சொல்வேன்.
பெயர் எழுதாத குப்பியை லாப் திருப்பி அனுப்பும்.
அந்தப் பழக்கத்தில்தான்
வெள்ளை டேப்பும் பேனாவும் கொண்டுபோனேன்.

பெருவிரலிலும் தடித்தது ரேடியேட்டருக்கு.
அதில் சந்தேகமில்லை.
பென்சில் தடிப்பில் இரண்டு,
கார்புரேட்டர் உறையாதிருக்க
அதன் இடுப்பைச் சுற்றி வரும் சுடுதண்ணி.
பெட்ரோலை மூக்கு சொன்னது.
மற்றவற்றை ஊதிப் பார்த்தோம்:
ஒரு முனையில் என் வாய்,
மறுமுனையில் ஷெல்லியின் உள்ளங்கை.
பக்கத்துக் கராஜில் ஐஸ்கிரீம் வான் வைத்திருப்பவள்.
"வருது" என்பாள். "வரவில்லை" என்பாள்.
ஒருமுறை "சிலந்தி வந்தது" என்றாள்.

மெல்லிசாக ஒன்று, நாலாவது கார்புரேட்டரிலிருந்து.
பைக்கில் அது டாங்கியின் குழாயை
உறிஞ்சித் திறக்கும்.
இங்கே டாங்கி பின்னால், பம்ப் மின்சாரத்தில்.
உறிஞ்ச ஏதுமில்லை. மூடி போட்டேன்.
மூடவே கூடாத இரண்டை
முதலில் மூடி, பிறகு திறந்தேன்.

கியர்ப்பெட்டிக்கு மேலே ஒரு அகன்ற வாய்.
அதற்குள் யாரோ போல்ட் செருகி
இரண்டு கிளிப்பால் இறுக்கியிருந்தார்கள்.
எஞ்சின் மூச்சுவிடும் வழி அது.
அடைத்தவனுக்கு
ஒவ்வொரு சீலாலும் எண்ணெய் கசிந்து
பதில் போயிருக்கிறது.
போல்ட்டைப் பிடுங்கினேன்.
முதல் ஸ்டார்ட்டில் ஒரு ஏப்பம்,
எண்ணெயும் பழம்புகையும் கலந்து.
ஷெல்லி கை தட்டினாள்.
நான் ஃபர்ஸ்ட் கியர் போட்டேன்.
செத்தது.

மறுபடி நியூட்ரல். உறுமல்.
ஃபர்ஸ்ட் கியர். அமைதி.

நாலு பின்னேரம்.
டேப் ஒட்டிய எல்லாவற்றையும் கழற்றி
மறுபடி ஊதினோம்.
பெட்ரோல் போதவில்லை என்றாள் அவள்.
காற்று கூட என்றேன் நான்.
இரண்டும் பிழை.
குளிரில் அவள் வானில் மிஞ்சின
கோன்களைத் தின்றுகொண்டு
குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்ததில்
வயரைப் பார்க்கவில்லை.

டாஷ்போர்டுக்குப் பின்னால், எதிலும் சேராமல்,
ஒரு நீலமஞ்சள், ஒரு கறுப்பு.
பைக்காக இருந்த காலத்தில்
சைட் ஸ்டாண்ட் சுவிட்சுக்குப் போனவை.
ஸ்டாண்ட் கீழே இருந்தால்
கியரில் போகவிடாத சுவிட்ச்,
ஓட்டுகிறவன் வளைவில் விழாதிருக்க.

நாலு சக்கரத்தில் நின்றுகொண்டு
இந்த எஞ்சின் நாலு நாளாகக் கேட்டது
அந்த ஒரு கேள்விதான்:
ஸ்டாண்டை எடுத்தாச்சா?

இரண்டையும் முறுக்கிச் சேர்த்தேன்.
எடுத்தாச்சு, ராசா.
எடுத்து எத்தனையோ வருசம்.

ஃபர்ஸ்ட் கியர் விழுந்தது. கார் பாய்ந்தது.
பாலத்தின் தூணுக்கு ஒரு முழம் இருக்க
பிரேக் பிடித்தேன்.

பிறகுதான் நினைவு வந்தது.
மோட்டார் சைக்கிளுக்கு ரிவர்ஸ் இல்லை.
நான் ஒரு பக்கம், ஷெல்லி மறுபக்கம்,
மழையில் பானட்டைப் பிடித்துத் தள்ளினோம்.
சூடு அடங்காத எஞ்சினுக்குப் பக்கத்தில்
ஒரு குழாய் இன்னும் தொங்கியது.
அதன் டேப்பில் என் கையெழுத்தில்
கேள்விக்குறி மட்டும்.